முன்பாதி விழித்திருந்த நாய்

யாழ்ப்பாணத்தில் உடுவில் பக்கம் ஒரு சின்ன மிருக வைத்தியக் கந்தோர். இரண்டு அறை, ஒரு கிணறு, பின்வளவில் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர். சண்டைக் காலத்தில் அங்கே ஐந்து வருடம் மிருக வைத்தியராக இருந்தேன். ஊரில் அந்த வேலைக்கு மாட்டு டொக்டர் என்றுதான் பெயர். நாய், பூனை, கோழி எதைக் கொண்டுவந்தாலும் அவர்களுக்கு நான் மாட்டு டொக்டர். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் சனம் சொன்னது சரிதான். மாட்டுக்குக் கன்று எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நாய்க்கு எலும்பு பொருத்துவதையோ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதுவும் பின்வரிசையில் நின்று. முன்னுக்கு நின்ற நெட்டையன் ஒருவனின் தோளைத்தான் கூடுதலாகப் பார்த்தேன்.

மாஸ்டர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று இதெல்லாம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாஸ்டர் என்றால் உயர்தர மாணவருக்கு இரசாயனம் படிப்பிக்கிற ரியூஷன் மாஸ்டர். தனிக்கட்டை. ஐம்பது வயது இருக்கும். பொருளாதாரத் தடையில் ஊரே வற்றிப் போயிருந்தது. அவர் மட்டும் வற்றவில்லை. கதிரையில் இருந்தால் கதிரை கத்தும். எதைத் தின்று அப்படி இருந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்காத இரசாயனம். நாய் மண்ணிற ஊர்நாய், நாலைந்து வயது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதே பெயரில் அந்த ஒழுங்கையில் மரியாதைக்குரிய ஒருவரும் இருந்தார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகையால் எழுதமாட்டேன்.

நாய் சும்மா நாயில்லை. மாஸ்டரின் ரியூஷன் கொட்டிலில் கரும்பலகைக்குக் கீழே மூன்று வருடமாகப் படுத்திருந்த நாய். குண்டுபோட வருகிற பொம்மரின் சத்தம் மனிதக் காதுக்கு எட்டுவதற்கு முன் அதற்கு எட்டிவிடும். காது இரண்டும் எழும்பும். அடுத்த கணம் எழும்பி ஓடிப்போய்க் கொட்டிலுக்குப் பின்னாலிருக்கிற பங்கருக்குள் குதித்துவிடும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் முப்பது பேரும் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். "எங்கடை ரியூஷனிலை அபாயச் சங்கு இல்லை, நாய்தான் இருக்கு" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாய்க்காகவே பிள்ளைகளை அங்கே சேர்த்தவர்களும் உண்டு.

அதன் இடது பின்னங்கால் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். கூட வந்த பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லில் சொன்னார்கள். "சந்தியிலை ஒரு சைக்கிள் அடிச்சது டொக்டர். ஆர் எண்டு தெரியாது."

சோதனைக்குப் பாடமாக்கிய விடை மாதிரி இருந்தது. சைக்கிள் அடித்த நாய்களை நான் கண்டிருக்கிறேன். தோல் உரசியிருக்கும், ரத்தம் காய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும். இதற்கு ஒரு மயிர்கூடப் போகவில்லை. மேலேயிருந்து பாரமாக ஏதோ விழுந்து முறிந்த காலாகத் தெரிந்தது. ஆனால் நான் பொலிஸ் இல்லை, மாட்டு டொக்டர். சரி சைக்கிள்தான் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

"உதுக்குப் பத்துப் போட்டுத் தடி வைச்சுக் கட்ட ஏலாதோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஏலாது. கீழ்க்கால் எண்டால் கட்டலாம். தொடை எலும்பு கட்டுக்கு நிக்காது. திறந்து, உள்ளுக்குக் கம்பி வைக்கவேணும்."

"வைக்காட்டில்?"

"மூண்டு காலிலை இழுத்துக்கொண்டு திரியும். இந்தக் கால் அழுகினால் அதுவும் இல்லை."

பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் ஆலோசனை சொல்லிவிட்டார்களாம்: இந்தப் பஞ்சத்தில் நாய்க்கு வைத்தியமோ, ஒரு ஊசியைப் போட்டு விடச் சொல்லுங்கோ. இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் நாயின் தலையில் கை வைத்தார். "அவரை நடக்கப் பண்ணித் தாங்கோ டொக்டர். ஓடவேண்டாம். நடந்தாக் காணும்" என்றார். மாஸ்டருக்கு நாய் எப்போதும் "அவர்"தான். பெரிய ஆள் அப்படி நின்று கெஞ்சினால் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். "பாப்பம்" என்று சொல்லிப்போட்டேன். சொன்ன பிறகுதான் அலுமாரியைத் திறந்து பார்த்தேன்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். என் சட்டியில் என்ன இருந்தது? மயக்க மருந்து வைக்கிற அலுமாரி இருந்தது. மயக்க மருந்து இல்லை. விறைக்கப் பண்ணுகிற மருந்து ஒரு போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அது தோலை விறைக்கப் பண்ணவே காணாது. எலும்புக்குள் வைக்கிற கம்பி என்பது நான் புத்தகத்தில் படத்தில் பார்த்த பொருள்.

மாஸ்டர் நாயோடு போன பிறகுதான் எங்கள் கந்தோர் அண்ணை வாயைத் திறந்தார். அவர் கந்தோர் உதவியாளர். எனக்கு முன்னமே இருபத்தைந்து வருடம் அங்கே மாடு பிடித்தவர். வெளியாட்களுக்கு முன்னால் என்னை "டொக்டர்" என்பார், ஆள் போனதும் மகளைக் கூப்பிடுவதுபோல் "பிள்ளை" என்பார். "மாட்டுக்குக் கண்டு எடுக்கேக்கை வாலடியிலை ஒரு ஊசி போடுறனீங்களெல்லே பிள்ளை. பின்பக்கம் முழுக்க விறைக்குமே. நாய்க்கும் வால் இருக்குத்தானே" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாட்டுக்கு நூறு தடவை போட்ட ஊசி. நாய்க்கும் அதே வழிதான், இடுப்பெலும்புக்கு நடுவே முள்ளந்தண்டின் கடைசி இடைவெளியில். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், இருந்தது. ஆனால் வெறும் மருந்து ஒரு மணித்தியாலம் நிற்பதே பெரிய காரியம். நான் எலும்பைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும். மருந்தோடு அதிரனலின் கலந்திருந்தால் ரத்தக்குழாய்கள் ஒடுங்கும், மருந்து கெதியில் கரைந்து போகாது, விறைப்புக் கூட நேரம் நிற்கும். பல் டொக்டர்மார் பாவிக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய் மருந்தில் அது கலந்தே வரும்.

எனக்குத் தெரிந்த பல் டொக்டர் ஒருவர் நல்லூர்ப் பக்கம் இருந்தார். சைக்கிள் மிதித்துப் போனேன். வாசலில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பத்துப் பேர் இருந்தார்கள். நான் விசயத்தைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார்.

"வெளியிலை இருக்கிற சனத்துக்கு இது தெரிஞ்சா என்ரை பல்லைக் கழட்டுவினம்."

"எக்கச்சக்கமாய்க் கேக்கேல்லை. நாலே நாலு."

"நாய்க்கோ?"

"ஓம், நாய்க்குத்தான். அது பொம்மர் வாறதைச் சொல்லுற நாய்."

"அந்த இரசாயன மாஸ்டரின்ரை நாயோ? என்ரை மருமகள் அங்கைதான் படிக்கிறாள்" என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, திகதி முடியப்போகிற குழாயாகப் பார்த்து நாலு எடுத்துத் தந்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றி, கள்ளக்கடத்தல் செய்கிறவள் போல நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

கம்பிக்கு அவ்வளவு கஷ்டப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது எல்லாம் தட்டுப்பாடு, சைக்கிளைத் தவிர. சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரர் பழைய சரக்கிலிருந்து துருப்பிடிக்காத சில்லுக் கம்பி ஆறு பொறுக்கித் தந்தார். ஒன்று மெல்லியதுதான், ஆனால் இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எலும்புக்குள் இறுக்கினால் நிற்கும் என்று எனக்கு ஒரு துணிவு. "எந்த அளவுச் சில்லுக்கு, இருபத்தாறோ இருபத்தெட்டோ?" என்று கேட்டார். நாய்க்கு என்றேன்.

சத்திரசிகிச்சை சனிக்கிழமை காலை என்று குறித்தேன். இங்கேதான் பிழை விட்டேன். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரை வரை. எனக்கு அது எங்கே தெரியும்? எங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடத்து வேதக்கார வீடு. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கோவில் மணி அடிக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

மாஸ்டர் எட்டு மணிக்கே நாயைப் பலகையில் கிடத்திக் கொண்டுவந்துவிட்டார். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. நாயின் நெற்றியிலும் கொஞ்சம்.

"டொக்டர், ஒன்பதுக்கு முதல் தொடங்கிப்போடவேணும்."

"மாஸ்டர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள்."

"அது கிழமை நாளிலை. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு ராகு காலம் ஒண்டும் செய்யாது. நாய் சைவம்."

நாய் உண்மையிலேயே சைவம். மாஸ்டர் வீட்டில் மீன்கூட இல்லை.

சரி, ஒன்பதுக்கு முதல் தொடங்குவோம் என்றுதான் நானும் பார்த்தேன். முதல்நாள் மழை. கந்தோரில் மண்ணெண்ணெய் இல்லை, விறகு அடுப்பு. அண்ணை பன்னாடையை வைத்து ஊதுகிறார், புகைதான் வருகிறது. பானையில் கத்தி, இடுக்கி, குறடு எல்லாம் கிடக்கின்றன, தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். போதாக்குறைக்குச் சில்லுக் கம்பி பானையைவிட நீளம். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் நாயைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்திரண்டு.

"அறுவார் ஏன் உப்பிடி நிக்கிறார்" என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன்.

அண்ணை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "டொக்டர், ஊசியைப் போட்டாத் தொடங்கின மாதிரித்தானே. கத்தி பேந்து வைக்கலாம்."

"ஓம் ஓம், ஊசி தொடக்கம்தான்! கல்யாணத்துக்கு நல்ல நேரத்திலை பொன்னுருக்கினாக் காணாதோ?" என்றார் மாஸ்டர்.

இப்போது உண்மையைச் சொல்லவேண்டும். ராகு காலத்தில் எனக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று எனக்குப் பயம். வாழ்க்கையில் முதல் எலும்பு. பயந்தவளுக்கு யார் தெய்வமானாலும் சரி. ஒரு வில்லங்கத்தை வீணாக வாங்குவானேன் என்று நினைத்தேன். எட்டு ஐம்பத்தைந்துக்கு, இடுப்பை வழித்துத் துடைத்து, இடைவெளியைத் தடவிப் பிடித்து, நாலு குழாயில் இரண்டின் மருந்தை மெதுவாக ஏற்றினேன். மாஸ்டர் கைகூப்பினார். அண்ணை "முருகா" என்றார். ஊசி ஒரு தடவையிலேயே சரியான இடத்தில் இறங்கியது. எனக்கே நம்ப முடியவில்லை.

நாயின் வால் தொய்ந்தது. பின்கால் விரலை நசுக்கினேன், அசையவில்லை. அருமையான விறைப்பு. நான் நிமிர்ந்து, "அண்ணை, சாமான்" என்று கை நீட்டினேன்.

"தண்ணி இன்னும் சூடாகேல்லை" என்றார் அண்ணை.

கடவுளே! வைத்தியத்தின் முதலாம் பாடம், எல்லாம் தயாரான பிறகுதான் ஊசி. முதலாம் வருடத்துப் பிள்ளைக்குத் தெரியும். மருந்து மணிக்கூட்டை முடுக்கிவிட்டாயிற்று. நான் வெறுங்கையோடு நிற்கிறேன். "நீங்களெல்லே சொன்னியள் ஊசியைப் போடச் சொல்லி!" என்று அண்ணை மேல் பாய்ந்தேன். அவர் கம்பிகளைக் குறட்டால் வெட்டிக்கொண்டே, "பதறாத காரியம் சிதறாது டொக்டர்" என்றார். எனக்கு அந்தப் பானையைத் தூக்கி அவர் தலையில் ஊற்ற வேண்டும்போல இருந்தது. ஊற்றினாலும் அவருக்குச் சுட்டிருக்காது.

தண்ணீர் கொதித்து, சாமானும் கம்பியும் வெந்து முடிய ஒன்பதே முக்கால். அந்த ஐம்பது நிமிடமும் விறைப்பு வீணாகப் போனது. கடைசியில் கத்தி பட்டது முழு ராகு காலத்தில். மாஸ்டர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தொடங்கியாயிற்றே!

போத்தலின் அடியில் கிடந்ததைத் தோலுக்குப் போட்டு வெட்டத் தொடங்கினேன். இந்த விறைப்பில் ஒரு சங்கடம். பின்பாதிக்கு ஒன்றும் தெரியாது. முன்பாதி முழு விழிப்பு. நாய் தலையைத் தூக்கி, பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு நீளப் பார்வை பார்த்தது. பிறகு மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் அதன் தலைமாட்டில் கதிரையில் இருந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எசமான் அழுதால் நாய் சும்மா கிடக்குமா? முன்னங்காலை ஊன்றி எழும்பி அவர் முகத்தை நக்கப் பார்த்தது. எழும்ப எழும்ப வெட்டுவாய் என் கைக்குள்ளிருந்து நழுவியது.

"மாஸ்டர், அழாதேங்கோ!"

"நான் அழேல்லை டொக்டர்" என்று இன்னும் பெரிதாக அழுதார்.

அண்ணைதான் வழி கண்டுபிடித்தார். "மாஸ்டர், வகுப்பு நடக்கேக்கை உவர் என்ன செய்யிறவர்?"

"கரும்பலகைக்குக் கீழை அசையாமல் கிடப்பார்."

"அப்ப படிப்பியுங்கோ."

மாஸ்டர் மூக்கைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். "இரசாயனச் சமநிலை" என்று தொடங்கினார். முதலில் குரல் தளம்பியது. மீளும் தாக்கம் என்றால் என்ன என்று வந்தபோது சரியாகிவிட்டது. அவர் குரல் அப்படியொரு குரல். ஏறாது, இறங்காது, நீட்டாக ஓடிக்கொண்டே இருக்கும். நாய் தலையைக் கீழே வைத்தது. கண்ணைச் செருகியது. ஐந்து நிமிடத்தில் குறட்டை. பேராதனையில் என் பேராசிரியர்களிடம்கூட இப்படியொரு மயக்க மருந்து இருந்ததில்லை.

மாஸ்டர் திடீரென்று நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது.

"நித்திரை கொள்ளுறார்."

"நல்லதுதானே மாஸ்டர், விடாதேங்கோ!"

"மூண்டு வருசமா இவர் கேட்டுக்கொண்டெல்லே கிடக்கிறார் எண்டு நினைச்சிருந்தனான்."

அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. ஆனாலும் தொடர்ந்தார். அமுக்கத்தைக் கூட்டினால் சமநிலை எந்தப் பக்கம் போகும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் எலும்பின் இரண்டு முனையையும் பிடித்து முதல் கம்பியைச் செருகிவிட்டேன். இரண்டாவது கம்பி போகமாட்டேன் என்று நின்றது. தள்ளினால் முதல் கம்பி வெளியே வருகிறது, அதைப் பிடித்தால் இது வளைகிறது. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. அண்ணை துவாயால் ஒற்றி எடுத்தார். அப்படி ஒற்றியவர் சிரித்தார்.

"இஞ்சை பாருங்கோ டொக்டர், வாலாட்டுறார்!"

மாஸ்டரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சந்தோசத்திலை ஆட்டுறார்!"

விறைத்த நாய்க்கு வால் ஆடாது. வால் ஆடினால் விறைப்புப் போகிறது என்று அர்த்தம். மணி பத்து நாற்பது. இன்னும் பத்து நிமிடத்தில் அந்த நாய்க்குத் தன் தொடை திறந்து கிடப்பது தெரியவரும். "சிரிக்கிறியளோ ரெண்டு பேரும்! மற்றக் குழாயை உடையுங்கோ!" என்று கத்தினேன்.

நாயைப் புரட்டி மறுபடி முள்ளந்தண்டில் ஏற்ற முடியாது. மிச்சமிருந்த இரண்டு குழாயில் ஒன்றை, தொடைக்குப் பின்னால் ஓடுகிற பெரிய நரம்பைத் தேடிப் பிடித்து அதைச் சுற்றி விட்டேன். கடைசிக் குழாயை எலும்பு முனையிலும் சதையிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். இதற்கு மேல் கந்தோரில் ஒரு துளியும் இல்லை. "ஐஞ்சு நிமிசம் பொறுக்கவேணும். மாஸ்டர், படிப்பியுங்கோ" என்றேன்.

அப்போதுதான் நாயின் காது இரண்டும் எழும்பின.

மாஸ்டர் வாயில் இருந்த சொல் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணைக்கும் கேட்கவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. நாய் முன்னங்கால் இரண்டையும் மேசையில் விறாண்டிக்கொண்டு எழும்பப் பார்த்தது. பங்கருக்குப் போகவேண்டும் அதற்கு. பின்பாதி இருக்கிற நினைவே இல்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, நான் நிக்கிறன்" என்றேன்.

"நீங்கள் போங்கோ டொக்டர், நானும் மாஸ்டரும் பிடிக்கிறம்" என்றார் அண்ணை.

"நீங்கள் ரெண்டு பேரும் பிள்ளைகுட்டிக்காரர். நான் தனி. போங்கோ" என்றார் மாஸ்டர்.

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்லித் திருத்துகிற நேரமில்லை. இரைச்சல் எங்கள் காதுக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் தன் பெரிய உள்ளங்கை இரண்டாலும் நாயின் காதுகளைப் பொத்தி, அதன் மூக்கோடு மூக்கு வைத்து, பாடத்தை மறுபடி தொடங்கினார். முழுத் தொண்டையில், "வெப்பநிலை கூடினால்!" என்று. அண்ணை முன்னங்காலைப் பிடித்தார். நான் வேகவைத்த சீலையை வெட்டுவாயில் விரித்து, ஓட்டுத்தூசு விழாமல் அதற்கு மேல் குனிந்துகொண்டேன். எங்கேயோ வடக்கே இரண்டு குண்டு விழுந்தன. யன்னல் அடித்தது. நாய் நடுங்கியது, ஆனால் எழும்பவில்லை. மாஸ்டர் சொன்ன சமன்பாட்டில் அன்று பிழை இருந்தது என்று நினைக்கிறேன், நாய் கண்டுபிடிக்கவில்லை.

இரைச்சல் போன பிறகு கம்பி என்ன நினைத்ததோ, இரண்டாவது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மூன்றாவதும் போனது. எலும்பை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. "இறுகிட்டுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினேன். தைத்து முடிக்கப் பதினொன்றே முக்கால். பாதத்தைத் தொட்டேன், சூடாக இருந்தது.

அந்தக் கால் பொருந்தியது. ஆறாம் வாரம் மாஸ்டர் நாயைக் கயிற்றில் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். கொஞ்சம் கிந்திக் கிந்தித்தான், ஆனால் நாலு காலும் நிலத்தில். நான் அண்ணைக்குத் தெரியாமல் அறைக்குள் போய் அழுதேன்.

ஆனால் சத்திரசிகிச்சை நடந்த நாள் தையலோடு முடியவில்லை. இரண்டு மணியளவில் விறைப்பு முழுக்கப் போய்விட்டது. நோவுக்கு என்னிடம் இருந்தது அஸ்பிரின் மட்டும். கஞ்சியில் கரைத்துக் கொடுத்தோம், அது வேலை செய்ய நேரம் எடுக்கும். நாய் முனகத் தொடங்கியது. மாஸ்டர் நிலத்தில் சம்மணம் கட்டியிருந்து, கால் வசதியாக இருக்கட்டும் என்று நாய் கிடந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தார். நோவில் நாய் திரும்பி அவர் வலது கையைக் கவ்வியது. யாரையும் கடித்தே அறியாத நாய். கடித்துவிட்டுத் தானே பயந்து போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தடுப்பூசி நானே போட்ட நாய்தான், அந்தப் பயம் இல்லை. ஆனால் பெருவிரலடியில் சதை வாயைப் பிளந்து நின்றது. கிணற்றடியில் சவர்க்காரம் தேயும்வரை கழுவினேன். "மாஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் மனிசரைத் தைக்கக்கூடாது."

"போகமாட்டன். மாஸ்டரை நாய் கடிச்சது எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். அவரைப் பிழை சொல்லுவினம். நீங்களே தையுங்கோ."

"விறைக்கப் பண்ண மருந்து இல்லை. கடைசிச் சொட்டும் உவருக்கு முடிஞ்சுது."

"அதுதான் சரி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சனி, தொலையட்டும் என்று கையைப் பிடித்து, நெருக்கிக் கட்டாமல் தளர்வாக ஒரு தையல் போட்டேன். ஆள் மூச்சை இழுத்தார், கையை இழுக்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"சைக்கிள் இல்லை டொக்டர்."

"தெரியும்."

"என்ன தெரியும்? நான்தான் அவருக்கு மேலை விழுந்தனான். பங்கருக்குள்ளை. மூலையிலை மழைத்தண்ணி, அதாலை அவர் வாசலோடை நிண்டவர். இந்த உடம்போடை அப்பிடியே விழுந்தன்."

"ஓடேக்கை ஆருக்கும் நடக்கும் மாஸ்டர்."

"அது இல்லை." அவர் தலையை ஆட்டினார். "பிள்ளையள் முப்பது பேரும் வெளியிலை. எப்பவும் அவையளை இறக்கிப்போட்டுத்தான் நான் இறங்கிறனான். அண்டைக்கு அவையளைத் தள்ளிக்கொண்டு நான் முதல் குதிச்சனான். ரெண்டு பெட்டைப் பிள்ளையளை இந்தக் கையாலை தள்ளினனான். முப்பது பேரும் கண்டவை."

அண்ணை வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"வெளியிலை வந்து நான் ஒண்டும் சொல்லேல்லை டொக்டர். வாய் வரேல்லை. அதுகளாய்த்தான் சைக்கிள் எண்டு ஆரம்பிச்சதுகள். வீட்டிலையும் அப்பிடித்தான் சொல்லியிருக்குதுகள். நான் தள்ளின பெட்டைதான் முதல் சொன்னது." இடது கையால் முகத்தைத் துடைத்தார். "திங்கக்கிழமை அதுகளின்ரை முகத்திலை எப்பிடி முழிப்பன்?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மாட்டோடும் நாயோடும் கழிந்த வாய். இன்று காலை பொம்மர் வந்தபோது ஓடாமல் நின்றீர்களே என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தோன்றியது. ஊசியில் நூலைக் கோத்தேன்.

"இன்னும் ஒரு தையல் இருக்கு, மாஸ்டர்."

"நோகுமோ?"

"நோகும்."

கையை நீட்டினார்.